நாற்பது சிவந்த மூக்குகள்

1

கடந்த ஞாயிற்றுக்கிழமை கொக்குவிலில் இருக்கும் என் தங்கை வீடியோவில் அழைத்தாள். சுகம் விசாரிக்கும் முன்பே என் தலைக்குப் பின்னால் இருந்த சுவரை உற்றுப் பார்த்தாள். பிறகு குசினிக்குள் இருந்த தன் கணவரையும் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அண்ணை, உது ஆர் உங்களுக்குப் பின்னாலை? வெறியிலை கிடக்கிற வெள்ளைக்காரன்?"

"வெறியில்லை. நித்திரை கொள்ளுறார்."

"பொய் சொல்லாதேங்கோ. மூக்கைப் பாத்தாத் தெரியாதே! இஞ்சை இவரின்ரை தமையனுக்கும் உப்பிடித்தான் இருந்தது."

கணவர் அதற்கு ஏதோ மறுப்புச் சொல்ல, அவள் திரும்பி அவருக்குப் பதில் சொல்ல, நான் சுவிஸில் இருந்தபடி அவர்களுடைய குடும்பத்தின் குடிப்பழக்கத்தைப் பற்றிப் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள், "வயது போன காலத்திலை நல்லதாய் ஒரு படம் மாட்டக்கூடாதோ?" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள்.

தங்கைக்கும், அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வாய்க்குள் சிரித்த மற்ற உறவினர்களுக்கும் சேர்த்து இதை எழுதுகிறேன். அந்த மனிதர் குடிகாரர் இல்லை. தன் வீட்டுத் தோட்டத்தில், மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பிரம்புக் கதிரையில் கண்ணயர்ந்த ஒரு கௌரவமான குடும்பத் தலைவர். மூக்கு அவருடையதுதான். சிவப்பு என்னுடைய வேலை. சரியாக ஒரு வருடத்துக்கு முன், அந்தச் சிவப்பால் என் வேலை போகப் பார்த்தது.

2

நான் இருபத்திரண்டு வருடம் ஹோட்டல் குசினிகளில் நின்றவன். முதலில் பேர்ணில், பிறகு ஃப்ரிபூர்க்கில். கடைசியில் முதுகு மறுத்துவிட்டது. பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்த கடிதத்தை எடுத்துக்கொண்டு வேலை தேடித் தரும் அலுவலகத்துக்குப் போனேன். அங்கே என் கோப்பைப் பார்க்கும் பெண்மணியை நாங்கள் வீட்டில், அலுவலகத்துக்கான ஊர்ச் சொல்லால், கந்தோர் அம்மா என்போம். மிகவும் நல்லவர். ஆனால் கணினி என்ன சொல்கிறதோ அதைத்தான் நம்புவார்.

"உங்களுக்குப் பொருத்தமாக ஒன்று வந்திருக்கிறது," என்றார். "சிறிய அருங்காட்சியகம் ஒன்றின் அச்சுப் பட்டறை. உதவியாளர் வேலை. காகிதத்தோடு வேலை. காகிதம் பாரமில்லை."

முதல் நாள் போனேன். காகிதம் இருந்தது உண்மை. ஆனால் அந்தக் காகிதத்தில் அச்சடிப்பது கல்லால். சுண்ணாம்புக் கல். ஒவ்வொன்றும் உரலைப் படுக்கப் போட்டது போல் கிடந்தது. என் மனைவி வதனியை விட எடை கூடிய கல்லும் அங்கே இருந்தது, இதை நான் வீட்டில் சொல்லவில்லை. நல்லகாலமாக ஒரு தள்ளுவண்டியும் கைப்பிடி சுற்றித் தூக்கும் சிறு பொறியும் இருந்ததால் என் முதுகு தப்பியது. கந்தோர் அம்மாவிடம் கல்லைப் பற்றி நான் மூச்சுக்கூட விடவில்லை. விட்டால் கணினி என்னைத் திருப்பி எடுத்துவிடும்.

ஆறு மாதம் பரீட்சைக் காலம். அது முடிய, பட்டறைக்குப் பொறுப்பானவர் என்னைப் பற்றி ஒரு படிவம் நிரப்ப வேண்டும். நல்லதாக நிரப்பினால் நிரந்தர வேலை. இல்லாவிட்டால் ஐம்பத்தெட்டு வயதில், டாக்டர் கடிதத்தோடு, மறுபடியும் வரிசை. அந்த வயதில் அந்த வரிசையின் மறு முனையில் ஒன்றும் இல்லை என்பது எனக்கும் தெரியும், கந்தோர் அம்மாவுக்கும் தெரியும்.

பிள்ளைகளுக்கு மட்டும் தெரியாது. அவர்களிடம் நான், "அருங்காட்சியகம் என்னைக் கூப்பிட்டிருக்கு" என்றுதான் சொல்லியிருந்தேன். மகள் மிதுனா சட்டம் படிக்கிறாள். மகன் கவின் மின்சார வேலை பழகுகிறான். ஒரே வீட்டில் நாலு பேர், நாலு நேரத்தில் இராச்சாப்பாடு. என்னோடு கவின் கதைப்பதைக் கூட்டிப் பார்த்தால் நாளுக்கு ஆறு சொல் வரும், அதில் நாலு 'ஓகே'. மிதுனா கூடக் கதைப்பாள். ஆனால் பெரும்பாலும் என் பிரெஞ்சைத் திருத்துவதற்கு. நான் வேலை செய்த எந்த இடத்தையும் அவர்கள் பார்த்ததில்லை. ஹோட்டலின் பின் கதவையும் குப்பைத் தொட்டிகளையும் காட்ட எனக்கும் விருப்பமிருக்கவில்லை. இந்த முறை மட்டும், கண்காட்சித் திறப்பு நாளுக்கு வரச் சொல்லி ஒரு மாதத்துக்கு முன்பே அறிவித்துவிட்டேன்.

3

பட்டறைக்குப் பொறுப்பானவர் மடாம் ஒடெட். அறுபத்து மூன்று வயது, ஆண்களின் நீலச் சட்டை, நெற்றிக்கு மேல் ஒரு கண்ணாடி, மூக்கில் இன்னொரு கண்ணாடி. சாதாரணமாகப் பிரெஞ்சில் கதைப்பார், கோபம் வந்தால் ஜெர்மனுக்கு மாறுவார். என்னுடைய பிரெஞ்சும் ஜெர்மனும் ஒரே பானையில் வெந்தவை, எது எது என்று எனக்கே பிரிக்கத் தெரியாது. ஆகவே அவர் சொன்னதையெல்லாம் எங்கள் ஊர்ப் பேச்சிலேயே எழுதிவிடுகிறேன். அவருக்கு அது பொருந்தும்.

கண்காட்சி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஐரோப்பாவில் வந்த நிற அச்சுப் படங்களைப் பற்றியது. அதற்கு முன்னர் ஓவியம் என்றால் அரசர், போர், தேவதைகள். அந்தக் காலத்தில்தான் யப்பானிலிருந்து வந்த அச்சுப் படங்களைப் பார்த்துச் சில ஓவியர்களுக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது. தட்டையான நிறம், நிழல் இல்லை, அலங்காரம் இல்லை. உடனே தங்கள் வீட்டுப் பின்புறத்துக்குப் போய், அங்கே கண்டதையெல்லாம் படமாகக் கீறத் தொடங்கிவிட்டார்கள். காயப்போட்ட துணி, பூச்சட்டி, பட்டாணி உரிக்கும் தாய், பூனை. அதை நிறத்தில் அச்சடித்து விற்றபோது சாதாரண வீடுகளின் சுவருக்கும் அது வந்து சேர்ந்தது.

எங்கள் படமும் அப்படி ஒன்று. கீறியவர் பெயர் யாருக்கும் தெரியாது. நடுவில் வெள்ளை விரிப்புப் போட்ட மேசை. தாய் பட்டாணி உரிக்கிறாள், காலடியில் ஒரு பூனை. சிவப்பு நாடா கட்டிய சிறுமி ஒருத்தி சிவப்புப் பூ பூத்த சட்டிகளுக்குத் தண்ணீர் விடுகிறாள். வலப்பக்கம் மரத்தின் கீழ் தகப்பன், வயிற்றில் பத்திரிகை, வாய் சற்றுத் திறந்தபடி நித்திரை. முதல் தரம் பார்த்தபோது எனக்கு விளங்கவில்லை. நித்திரை கொள்கிறவரை ஏன் மெனக்கெட்டுக் கீற வேண்டும்? எங்கள் ஊர் வீட்டு வளவில் மரத்தின் கீழ் யாரும் இப்படி நித்திரை கொள்ள மாட்டார்கள். கொண்டால் தலையில் தேங்காய் விழும். பிறகு பார்க்கப் பார்க்க எனக்கு அந்தப் படத்தில் ஒரு ஆசை வந்துவிட்டது. அதில் யாரும் முக்கியமான வேலை ஒன்றும் செய்யவில்லை. எல்லோரும் ஒரே இடத்தில் இருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பழைய படம் மங்கிப் போயிருந்தது. அதன் பக்கத்தில் மாட்ட, அதே முறையில் புதிதாக நாற்பது படம் அச்சடிப்பது எங்கள் வேலை. முறை இதுதான். எண்ணெய்ப் பசையுள்ள மையால் கல்லில் கீறுவார்கள். பிறகு அமிலமும் பிசினும் பூசிக் கல்லைப் பதப்படுத்துவார்கள். அச்சடிக்கும்போது கல்லை ஈரப் பஞ்சால் துடைத்து மை உருளையை உருட்டினால், எண்ணெய்ப் பசை பட்ட இடம் மட்டும் மையைப் பிடிக்கும், ஈரமான இடம் மையைத் தள்ளிவிடும். ஒரு நிறத்துக்கு ஒரு கல். ஆறு நிறம், ஆறு கல், ஒரே தாள் ஆறு தரம் பொறிக்குள் போய் வர வேண்டும். ஒவ்வொரு தரமும் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் உட்கார வேண்டும்.

"உட்காராட்டி என்ன நடக்கும் தெரியுமோ, ரத்னா?" என்று மடாம் ஒடெட் முதல் வாரம் கேட்டார். என் முழுப்பெயர் இரத்தினசிங்கம். அதற்கு மேல் அவருக்கு வாய் வரவில்லை.

"தெரியும், மடாம். சொண்டு நாடியிலை வந்திரும்."

அவர் ஆச்சரியப்பட்டார். இதில் ஆச்சரியமில்லை. பதினெட்டு வயதில் நான் ஓர் அரிசி ஆலையில் வேலை பார்த்தேன். அங்கே மாட்டியிருந்த சரஸ்வதி கலண்டரில் சிவப்பு நிறம் மட்டும் ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது. சரஸ்வதிக்கு உதடு நாடியில், பொட்டு இரண்டு கண்ணுக்கும் நடுவில், தாமரை தண்ணீருக்குள். ஆலை முதலாளி அந்தக் கலண்டரை ஒன்பது வருடம் மாற்றவில்லை. சரியான இடத்தில் உதடு வைத்த சரஸ்வதியைப் பின்னாளில் பார்த்தபோது எனக்கு யாரோ வேற்று ஆள் மாதிரி இருந்தது.

"அப்ப நீங்கள் சின்னனிலையிருந்தே அச்சுப் பிழையைக் கும்பிட்டு வந்திருக்கிறியள்," என்றார் மடாம் ஒடெட். அன்றைக்கு என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

4

மஞ்சள், மண்ணிறம், நீலம், பச்சை என்று நாலு நிறமும் ஓடி முடிந்தன. ஐந்தாவது சிவப்பு. கடைசியில் கோடுகளுக்குக் கருநீலம். சிவப்புக் கல்லைப் பொறியில் ஏற்றிவிட்டு மடாம் ஒடெட் வீட்டுக்குப் போன மறுநாள் சரஸ்வதி பூசை.

ஊரில் அன்றைக்கு ஆயுதத்தைத் தொட மாட்டோம். ஆலையில் பொறிகளைக் கழுவி, பொட்டு வைத்து, அவல் கடலை தின்றுவிட்டுப் படுப்போம். இங்கே பரீட்சைக் காலத்தில் லீவு கேட்க எனக்குத் துணிவில்லை. கும்பிடாமல் தொடவும் மனம் வரவில்லை. திறப்புக்குப் பத்து நாள்தான் இருந்தது, படிவம் நிரப்பப் பதினைந்து நாள். சரஸ்வதியைக் கோபப்படுத்தும் நேரமா அது?

ஆகவே காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். ஊதுபத்தி கொளுத்தவில்லை, கூரையில் புகை மணி இருந்தது, எனக்கும் கொஞ்சம் புத்தி உண்டு. ஒரு தேசிக்காயை (எலுமிச்சைதான்) வெட்டிக் குங்குமம் தடவிப் பொறியின் இரு பக்கமும் வைத்தேன். உருளைக்குப் பொட்டு, மைக் கத்திக்குப் பொட்டு, தள்ளுவண்டிக்குப் பொட்டு. கடைசியில் கல்.

கல்லில் பொட்டு நிற்கவில்லை. பிசின் பூசிய வழுவழுப்பில் குங்குமம் உதிர்ந்து போனது. அப்போது ஆலையின் ஞாபகம் வந்தது. மாப்படலம் பிடித்த பொறியில் பொட்டு நிற்பதற்கு ஒரு வழி உண்டு. முதலில் தேசிக்காய்ப் பாதியால் அந்த இடத்தை நன்றாகத் தேய்க்க வேண்டும். பிறகு குங்குமத்தை நெய்யில் குழைத்து வைக்க வேண்டும். வைத்தால் பொறி எவ்வளவு அதிர்ந்தாலும் விழாது. வதனி தந்த பொட்டலத்தில் விளக்குக்கென்று நெய்யும் இருந்தது. தேய்த்தேன், குழைத்தேன், மூன்று பொட்டு வைத்தேன். சிவப்புக் கல்லில் ஒரு நாடாவும் நாலு பூவும் தவிர வேறு ஒன்றும் இல்லை, கல் முழுவதும் வெறுமை. அந்த வெறுமையான இடத்தில்தான் வைத்தேன். படம் கல்லில் இடம் வலமாக மாறியிருக்கும் என்பதும், வெறுமையான இடத்தில் மற்றக் கற்களின் ஆட்கள் இருப்பார்கள் என்பதும் அந்த நேரத்தில் எனக்குத் தோன்றவேயில்லை.

கைகூப்பி, "தாயே, நிரந்தரம்" என்று ஒரே சொல்லில் கேட்டேன். எட்டரைக்கு எல்லாப் பொட்டையும் சுத்தமான துணியால் துடைத்தேன். தேசிக்காயை ஒளித்தேன். மடாம் ஒடெட் வந்து மணந்து பார்த்துவிட்டு, "இண்டைக்குப் பட்டறை நல்ல வாசமாயிருக்கு" என்றார்.

5

வேலை இப்படி நடக்கும். நான் பஞ்சால் கல்லை ஈரமாக்குவேன். அவர் உருளையை உருட்டுவார். இருவருமாகத் தாளை வைப்போம். அவர் அழுத்துவார். நான் தாளை உரித்துக் கொடியில் கொழுவுவேன்.

முதல் மூன்று தாளில் ஒன்றும் இல்லை. நாடா வடிவாக நாடாவின் மேல் உட்கார்ந்தது. நாலாவது தாளைக் கொழுவும்போது நித்திரை கொள்ளும் மனிதரின் மூக்கு நுனியில் இலேசான ஒரு ரோசா நிறம் தெரிந்தது. வெயில் என்று நினைத்தேன். எட்டாவதில் அது தடிமன் காய்ச்சல் ஆனது. பதினைந்தாவதில் வட்டமாக, தெளிவாக, ஒரு குங்குமப் பொட்டின் அதே அளவில் சிவந்து நின்றது. அப்போதுதான் எனக்குக் காலையில் கல்லில் வைத்த பொட்டுகள் ஞாபகம் வந்தன.

மற்ற இரண்டு பொட்டுகளையும் தேடினேன். ஒன்று தாளின் வெள்ளை ஓரத்தில், வெட்டிப்போடும் பக்கத்தில். இன்னொன்று பூச்சட்டிக்குள் போய், இன்னொரு பூவாக நல்லபிள்ளைக்கு இருந்தது. மூக்கு மட்டும் மூக்காகவே இருந்தது.

அந்த இடத்திலேயே, "மடாம், நிறுத்துங்கோ" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வெட்கத்தோடு எழுதுகிறேன், நான் வாயைத் திறக்கவில்லை. பிழை விட்டவனுக்கு யார் நிரந்தர வேலை கொடுப்பார்கள்? ஈரப் பஞ்சால் அந்த இடத்தை மட்டும் அழுத்தி அழுத்தித் துடைத்தேன். துடைக்கத் துடைக்க மூக்கு மினுங்கியது. மடாம் ஒடெட்டைப் பார்த்தேன். அவர் தாளின் நாலு மூலையையும் பூதக் கண்ணாடியால் பார்த்தார், நாடாவைப் பார்த்தார், பூனையைப் பார்த்தார். அந்த மனிதர் இருக்கும் பக்கம் மட்டும் திரும்பவில்லை. இருவரும் வழக்கத்துக்கு மாறாகக் காலநிலையைப் பற்றி நிறையக் கதைத்தோம். நாற்பதாவது தாளையும் கொழுவியபோது பட்டறையின் நாலு கொடியிலும் நாற்பது குடிகாரர்கள் வரிசையாகத் தூங்கினார்கள்.

6

மாலை நாலு மணிக்கு எனக்குப் பொறுக்க முடியவில்லை.

"மடாம், நான் ஒண்டு சொல்ல வேணும்."

"முதல் நான் சொல்லுறன்," என்றார் அவர். முகம் வெளுத்திருந்தது. "ரத்னா, நீங்கள் நல்ல மனிசன். காலமையிலையிருந்து பாத்துக்கொண்டு பேசாமல் நிக்கிறியள். என்னை வெட்கப்படுத்தக்கூடாது எண்டுதானே? எனக்குத் தெரியும். அந்த மூக்கிலை என்ரை கைதான் எங்கையோ மையைச் சிந்தியிருக்கு. கண் ஒப்பரேசனுக்குப் பிறகு எனக்குக் கிட்டத்துச் சாமான் சரியாத் தெரியிறேல்லை. இதை அருங்காட்சியகத்திலை ஒருத்தருக்கும் நான் சொல்லேல்லை. சொன்னா வீட்டுக்கு அனுப்பிப்போடுவினம். ஆறாவது தாளிலையே கண்டனான். நிப்பாட்டப் பயமாயிருந்தது."

இருபது வருடம் கல்லோடு வாழ்ந்தவர், என்னைப் போலவே பயந்துபோய், என்னைப் போலவே மூக்கைப் பார்க்காமல் நின்றிருக்கிறார். இப்போது நான் பேசாமல் இருந்தால் என் தலை தப்பும். ஒரு கணம் அதையும் யோசித்தேன், பொய் சொல்லவில்லை. ஆனால் அவர் அந்தக் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்த விதம் எனக்குத் தாங்கவில்லை.

"உங்கடை கையில்லை, மடாம். என்ரை கை."

சரஸ்வதி, பூசை, பொட்டு எல்லாவற்றையும் இரண்டு பாஷையிலும் சைகையிலும் சொன்னேன். அவர் முதலில் என்னைக் கட்டிப்பிடித்தார்.

"உங்கடை பிழையோ! கடவுளே, நன்றி! உங்கடை பிழையோ!"

ஒரு நிமிடம் அப்படியே சந்தோஷப்பட்டார். பிறகு ஏதோ உறைத்திருக்க வேண்டும், என்னை விட்டு விலகி நின்றார்.

"பொறுங்கோ. முதல் என்ன தேய்ச்சனீங்கள்?"

"தேசிக்காய்."

"பிறகு?"

"நெய்."

அவர் ஜெர்மனுக்கு மாறினார். அதில் பாதியை இங்கே எழுத முடியாது. மீதியின் சாரம் இது: பதப்படுத்திய கல்லில் புதிதாக ஒரு புள்ளி சேர்க்க வேண்டுமென்றால், படித்த அச்சுக்காரர் முதலில் புளிப்பான மென் அமிலத்தால் அந்த இடத்தைத் திறப்பார். அதன் மேல் கொழுப்பை வைப்பார். அப்போதுதான் கல் அதைப் பிடிக்கும், பிடித்தால் விடாது. அவர் இதைப் பழக மூன்று வருடம் எடுத்ததாம்.

"நான் பள்ளிக்கூடத்திலை செய்யேக்கை ஒருக்காலும் இவ்வளவு வடிவா வந்ததில்லை!" என்று கத்தினார். அது பாராட்டா, ஏச்சா என்று எனக்கு விளங்கவில்லை. கேட்கவும் இல்லை.

7

மீண்டும் அச்சடிக்கத் தாள் இல்லை. அது கையால் செய்த தாள், எண்ணி நாற்பதுதான் வாங்கியிருந்தார்கள். ஒரே வழி, மை காய்ந்த பிறகு சவரக்கத்தி போன்ற சிறு கத்தியால் நாற்பது மூக்கையும் ஒவ்வொன்றாகச் சுரண்டுவது. சுரண்டிய இடத்தைக் கரண்டியின் பின்புறத்தால் தேய்த்து மட்டமாக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் கருநீலம்.

"ஞாயிற்றுக்கிழமை வாங்கோ," என்றார் மடாம் ஒடெட். "கை நடுங்காத ஆக்கள் ஆராவது வீட்டிலை இருந்தாக் கூட்டிக்கொண்டு வாங்கோ. என்ரை கண்ணை நம்பேலாது. உங்கடை கையை நம்பேலாது."

வீட்டில் சொன்னேன். வதனி முதலில் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"ஏனப்பா, நெத்தியிலை விழுந்தாலும் ஒரு மரியாதை. மூக்கிலையே கொண்டுபோய் வைப்பியள்?"

"தெரிஞ்சு வைச்சனானோ?"

பிள்ளைகள் வர மாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். மிதுனாவுக்குப் பல்கலைக்கழகச் சோதனை. கவினுக்கு ஞாயிறு என்றால் மத்தியானம் வரை இரவு. ஆனால் கவின் தலையணைக்குள் இருந்து எழும்பி, "நாப்பது மூக்கோ?" என்று கேட்டான். பிறகு சிரித்தான். நான் அவன் சிரித்துக் கேட்டுக் கன காலம். "நான் வாறன்," என்றான். ஒரே நேரத்தில் இரண்டு சொல், இரண்டும் தமிழ்.

அன்றைக்குப் பட்டறையின் நீள மேசையில் ஐந்து பேர் உட்கார்ந்தோம். மடாம் ஒடெட் தாளை எடுத்துத் தருவார், நாங்கள் சுரண்டுவோம். வதனி மருத்துவமனைச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறவள், கறை எடுப்பதில் அவளை வெல்ல ஆளில்லை. அவள் ஆறு மூக்கு முடிக்கும்போது நான் ஒன்றரை. கவின் மின்கம்பி உரிக்கும் கையோடு உரித்து ஒரு தாளில் மூக்கையே இல்லாமல் ஆக்கிவிட்டான். ஓட்டைக்குள்ளால் மேசை தெரிந்தது.

"அப்பா, இவருக்கு மூச்சு எடுக்கேலாது," என்றான்.

மிதுனா மடாம் ஒடெட்டோடு படபடவென்று பிரெஞ்சில் கதைத்துக்கொண்டே சுரண்டினாள். எனக்குப் பாதிதான் பிடிபட்டது. திடீரென்று நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"அப்பா, இது பரீட்சை வேலையோ? ஆறு மாசத்துக்கு மட்டுமோ?"

நான் மூக்கைச் சுரண்டினேன்.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி... நீங்கள் படிக்கிற பிள்ளையள்."

அவள் கத்தியை வைத்துவிட்டு என் தாளைத் தன் பக்கம் இழுத்தாள். "நீங்கள் கீழ்ப்பக்கமாச் சுரண்டுறியள். மேல்ப்பக்கமா வாங்கோ," என்று காட்டித் தந்தாள். இத்தனை காலம் என் பிரெஞ்சைத் திருத்தியவள், இப்போது என் சுரண்டலைத் திருத்தினாள். இது எவ்வளவோ நன்றாக இருந்தது.

மத்தியானம் வதனி கட்டிக் கொண்டுவந்த புட்டை எல்லோரும் அதே மேசையில் சாப்பிட்டோம். மடாம் ஒடெட் சம்பலைத் தின்றுவிட்டு மூக்கைத் துடைத்தார், அது படத்தை விடச் சிவப்பாக இருந்தது. வீட்டில் நாங்கள் நாலு பேரும் ஒரே நேரத்தில் சாப்பிட்டுப் பல மாதம். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. வேலை போகப்போகிறதே என்று கவலைப்பட வேண்டிய நாளில் எனக்கு வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

பின்னேரம் நாலு மணிக்கு முப்பத்தெட்டு மூக்கு வெள்ளையாகிவிட்டது. ஒன்றுக்கு மூக்கில்லை. கடைசியாக ஒன்றைச் சுரண்ட விடாமல் மடாம் ஒடெட் எடுத்து, "இது ஆசிரியர் பிரதி," என்று என் கையில் தந்தார். அதுதான் தங்கச்சி, நீ பார்த்தது.

8

திறப்பு நாளன்று பெரிய நகரம் ஒன்றிலிருந்து ஒரு நிபுணர் வந்து பேசினார். கழுத்தில் சால்வை, கையில் கண்ணாடிக் குவளை. எங்கள் படத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டார். அந்த மனிதரின் சுரண்டி வெளுத்த மூக்கைச் சுட்டிக்காட்டி நீளமாக ஏதோ சொன்னார். கூட்டம் தலையாட்டியது. கவின் தோளைக் குலுக்கிக் குலுக்கிச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தான்.

"என்னவாம்?" என்றேன்.

"இலையளுக்குள்ளாலை வாற வெளிச்சம் மூக்கிலை மட்டும் விழுதாம். ஓவியர் சரியான துணிஞ்ச ஆளாம். பழைய படத்திலை நிறம் மங்கினபடியா இது தெரியாமல் போச்சுதாம். நீங்கள்தான் திருப்பிக் கண்டுபிடிச்சனீங்களாம்."

மிதுனா வெளியே ஓடிப் போனாள், அங்கே நின்று சிரித்துவிட்டு வந்தாள். மடாம் ஒடெட் அந்த நிபுணருக்கு மிகவும் பணிவாக நன்றி சொன்னார்.

ஐந்து நாள் கழித்துப் படிவம். கந்தோர் அம்மா தொலைபேசியில் கேள்வி கேட்க, மடாம் ஒடெட் ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டுப் பதில் சொன்னார். நான் எதிரில் உட்கார்ந்திருந்தேன். நேரத்துக்கு வருவாரா? வருவார். சக ஊழியரோடு எப்படி? நல்லம். பிழையை ஒத்துக்கொள்வாரா? மடாம் ஒடெட் என்னைப் பார்த்து, "ஒத்துக்கொள்ளுவார், ஆனா நாற்பது தாளுக்குப் பிறகு" என்றார்.

"கடைசிக் கேள்வி. இதுதான் முக்கியம். மேற்பார்வை இல்லாமல், தனியாக இவரை நம்பிப் பட்டறையை விடலாமா? ஆம் அல்லது இல்லை."

"இல்லை."

மறு பக்கத்தில் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது.

"அப்படியென்றால் நிரந்தர வேலைக்கு நீங்கள் சிபாரிசு செய்யவில்லை."

"செய்யிறன்," என்றார் மடாம் ஒடெட். "பெட்டிக்குள்ளை எழுத இடமில்லாட்டி வெளியிலை எழுதுங்கோ. எல்லா மனிசரும் ஏதோ ஒரு நாள் பெரிய பிழை ஒண்டு விடுவினம். நான் உட்பட. மற்ற ஆக்கள் எந்த நாள் விடுவினம் எண்டு எனக்குத் தெரியாது. இவர் எந்த நாள் எண்டு எனக்கு நல்லாத் தெரியும். வருசத்திலை ஒரே ஒரு நாள்."

அடுத்த வாரம் ஒப்பந்தம் வந்தது. அறுபது சதவீத வேலை, நிரந்தரம். மிதுனா ஒவ்வொரு வரியாக வாசித்துச் சரி பார்த்தாள். கடைசியில் மடாம் ஒடெட் கேட்டுச் சேர்த்த ஒரு நிபந்தனை. சரஸ்வதி பூசை நாளன்று இவர் பட்டறைக்குள் நுழையத் தடை, அன்றைய சம்பளம் உண்டு. அதன் பக்கத்தில் திகதி எழுத ஒரு வெற்றுக் கோடு.

மடாம் ஒடெட்டிடம் விளக்கினேன். அது வருடா வருடம் மாறும், நிலவைப் பொறுத்தது.

"பரவாயில்லை. ஒவ்வொரு வருசமும் சொல்லுங்கோ."

"அதோடை, எங்களிட்டை இரண்டு பஞ்சாங்கம் இருக்கு, மடாம். வாக்கியம் ஒண்டு, திருக்கணிதம் ஒண்டு. சில வருசம் இரண்டும் ஒரு நாள் வித்தியாசமாச் சொல்லும்."

"எது சரி?"

"அதுக்கு எங்கடை ஆக்கள் இன்னும் சண்டை பிடிக்கினம்."

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கல்லைப் பார்த்தார்.

"என்னாலை இன்னொரு மூக்குத் தாங்கேலாது. இரண்டு நாளும் வராதேங்கோ."

இருபத்திரண்டு வருடம் ஹோட்டல் குசினியில் சரஸ்வதி பூசைக்கு லீவு கேட்டு ஒரு தடவைகூடக் கிடைக்கவில்லை. உங்கள் கடவுள்களுக்கு நாட்கள் அதிகம் என்று தலைமைச் சமையல்காரர் சொல்லுவார், நான் கத்தியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு உருளைக்கிழங்கு உரிக்கத் தொடங்குவேன். இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து இங்கே வேலை செய்யாதே, அங்கே தங்காதே, எல்லை தாண்டாதே என்று எத்தனையோ தடைகளுக்குக் கையெழுத்து வைத்திருக்கிறேன். சந்தோஷத்தில் அழுதுகொண்டு வைத்தது இந்த ஒன்றுக்குத்தான்.